ஷேர் ஆட்டோ வழித்தடத்தை ஆய்வு செய்வது எப்படி: களத்தில் இறங்குவது முதல் ஜி.டி.எஃப்.எஸ். கோப்பு வரை

பேருந்து ஆய்வுக்கென்று பாடப்புத்தகத்தில் இருக்கும் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சென்னை ஷேர் ஆட்டோவில் ஏறினால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள். இங்கே கால அட்டவணை கிடையாது. பலகை நட்ட நிறுத்தமும் கிடையாது, கை காட்டிய இடத்தில் வண்டி நிற்கும். புறப்படும் நேரத்தைக் கடிகாரம் சொல்வதில்லை; ஆள் சேர்ந்தால் வண்டி எடுப்பார்கள். பேருந்துக்கான ஒவ்வொரு கருவியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் மோதி உடையும். எங்கே உடையும், எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம். கடைசியில் கிடைக்க வேண்டியது ஜி.டி.எஃப்.எஸ்., அதாவது தடங்களையும் ஓட்ட நேரங்களையும் வரைபடச் செயலிகள் படிக்கும் வடிவில் எழுதிய கோப்பு. போக்குவரத்துப் பொறியியல், நகரத் திட்டமிடல் படிக்கும் முதுநிலை மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பருவத்தில் ஒரு வழித்தடத்தை முடிக்கலாம். இரண்டு வழித்தடம் வேண்டாம்.

இதற்கு நல்ல முன்மாதிரி நைரோபி. அங்கே ஓடும் மட்டாட்டு வேன்களும் இதே குணம் கொண்டவை. நைரோபி பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., கொலம்பியா பல்கலைக்கழகம் ஆகியவை குரூப்ஷாட் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து செய்த டிஜிட்டல் மட்டாட்டுஸ் திட்டத்தில், மாணவர்கள் கைபேசியோடு வண்டிகளில் ஏறி 130-க்கும் மேற்பட்ட வழித்தடங்களைப் பதிவு செய்தார்கள். வரைபடம் 2014-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தரவு கூகுள் மேப்ஸிலும் வந்தது. அவர்களிடம் இருந்தது சாதாரண ஆண்ட்ராய்டு போன்தான். ஆகவே கருவி இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேள்வியும் வழித்தடமும்

"ஷேர் ஆட்டோவின் பயன்பாடு பற்றிய ஆய்வு" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "வேளச்சேரி–மேடவாக்கம்–தாம்பரம் தடத்தில் ஷேர் ஆட்டோ எம்.டி.சி. (மாநகரப் போக்குவரத்துக் கழக) பேருந்தின் பயணிகளை எடுக்கிறதா, பேருந்து விட்ட இடத்தை நிரப்புகிறதா?" என்பது கேள்வி. "மெட்ரோ நிலையத்தில் இறங்குபவர்களில் எத்தனை பேர் அடுத்த மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவை நம்புகிறார்கள்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சாலையோரக் கணக்கெடுப்பு கட்டாயம். இரண்டாவதற்கு நிலைய வாசலில் நேர்காணல் போதும். இதை முடிவு செய்யாமல் களத்துக்குப் போனால் எல்லாத் தரவும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எதுவும் முழுதாக இருக்காது.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் சாலைகளை முடிந்தவரை தவிருங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் தடுப்பு வைத்துத் திருப்பிவிடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிப்ரவரியில் அளந்த ஓட்ட நேரம் ஏப்ரலில் செல்லாது. அந்தச் சாலைதான் வேண்டும் என்றால் எல்லாப் பதிவையும் இரண்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

ஸ்டாண்டில் பேசுவது

களத்தில் இறங்குமுன் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதியும், துறையின் முத்திரையோடு தமிழில் ஒரு பக்கக் கடிதமும் கையில் இருக்கட்டும். ஆங்கிலக் கடிதத்தை நீட்டினால் ஏதோ அரசாங்க நோட்டீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓட்டுநர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டப்பட்டு, ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டணம் வாங்கி ஓடுவது ஸ்டேஜ் கேரியேஜ். ஒப்பந்தம் பேசி மொத்த வண்டியையும் வாடகைக்கு விடுவது கான்ட்ராக்ட் கேரியேஜ். ஷேர் ஆட்டோக்கள் பெரும்பாலும் இரண்டாவது பெர்மிட்டை வைத்துக்கொண்டு முதலாவதன் வேலையைச் செய்கின்றன. கையில் பலகையும் போனுமாக ஒருவர் நின்று எழுதினால், "ஆர்.டி.ஓ. ஆபீஸா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஸ்டாண்டில் வரிசையைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருப்பார். சங்கப் பொறுப்பாளராகவோ மூத்த ஓட்டுநராகவோ இருக்கலாம். அவரிடம் முதலில் பேசுங்கள். பேச ஏற்ற நேரம் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை. காலை நெரிசல் முடிந்து வண்டிகள் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரம் அது. மாலை ஐந்தரைக்குப் போய் "ஒரு நிமிஷம் அண்ணா" என்றால் திட்டு வாங்குவீர்கள், அதுவும் நியாயம்தான்.

வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று போய்வர எவ்வளவு நேரம் என்று கணக்கிட அது தேவை. அன்றிரவே அதைக் குறியீடாக மாற்றிவிட்டு மூலப் பட்டியலை அழித்துவிட வேண்டும். ஓட்டுநர் பெயர், போன் எண் எதுவும் வேண்டாம்.

ஸ்டாண்டில் எடுக்க வேண்டிய பதிவு

பலரும் தவறவிடும் பதிவு இதுதான், ஆனால் மொத்த ஆய்வும் இதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: அதன் முறை வந்த நேரம், முதல் ஆள் ஏறி உட்கார்ந்த நேரம், புறப்பட்ட நேரம், புறப்படும்போது உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கை. நேரத்தை விநாடி வரை குறிக்க வேண்டும்.

ஏன் இத்தனை நுணுக்கம்? ஏழு பேர் சேர்ந்தால் எடுப்பார்கள், 90 விநாடிக்கு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். முதலில் ஏறியவர் இன்னும் ஆறு பேர் வரும்வரை 9 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஏறியவர் காத்திருக்கவே இல்லை. சராசரி நாலரை நிமிடம்தான், ஆனால் அந்தச் சராசரியை நேரில் அனுபவித்தவர் நடுவில் ஏறிய ஒருவர்தான். பேருந்தில் காத்திருப்பு என்பது நிறுத்தத்தில் நிற்பது. இங்கே அது வண்டிக்குள், வெயிலில் காய்ந்த ரெக்சின் இருக்கையில் நடக்கிறது. நேர்காணலில் "எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்டால், "வந்ததும் வண்டி இருந்தது" என்று பூஜ்யம் சொல்வார்கள். "ஏறி உட்கார்ந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து எடுத்தார்?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மதிய நேரத்தில் வண்டி நிறையாமலும் எடுப்பார்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்துவார், வழியில் ஆள் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கும். எத்தனை பேரோடு, எத்தனை நிமிடத்தில் எடுக்கிறார்கள் என்பதை மணி வாரியாகப் பிரித்தால்தான் இந்த எழுதாத விதி வெளியே வரும்.

சாலையோரக் கணக்கெடுப்பு

தடத்தின் நடுப்பகுதியில், சிக்னலிலிருந்தும் ஸ்டாண்டிலிருந்தும் குறைந்தது 150 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சிக்னலருகே நின்றால் பச்சை விழும்போதெல்லாம் வண்டிகள் கொத்தாக வரும். அது தடத்தின் இடைவெளி அல்ல, சிக்னலின் இடைவெளி. ஒரு திசைக்கு ஒருவர். காலை 6 முதல் இரவு 10 வரை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். மூன்றாவது மணியில் கண் சோர்ந்து, வரும் வண்டியெல்லாம் "ஃபுல்" என்றே பதிவாகும்.

ஓடும் வண்டியில் தலையை எண்ண முடியாது. மூன்று வகை போதும்: இடம் நிறைய இருக்கிறது, ஓரிரு இடம் இருக்கிறது, நிறைந்துவிட்டது. நான்கு சக்கர டாடா மேஜிக் வண்டியையும் மூன்று சக்கர ஆப்பே வகையையும் தனித்தனியாகக் குறியுங்கள். இருக்கை எண்ணிக்கை வேறு. ஓட்டுநர் பக்கத்தில் உட்காருபவரை விட்டுவிடுவது வழக்கமான தவறு. வெளியிலிருந்து முன்னிருக்கை கண்ணில் படாது.

இப்போது கணக்கு. நான்கு வண்டிகள் 2, 2, 2, 14 நிமிட இடைவெளியில் வந்தன. சராசரி இடைவெளி 5 நிமிடம். அதில் பாதி இரண்டரை நிமிடம்தான் காத்திருப்பு என்று எழுதிவிடத் தோன்றும். அது தவறு. எந்த நேரத்திலும் வந்து நிற்கக்கூடிய ஒருவர் அந்த 14 நிமிட இடைவெளிக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்புதான் அதிகம். ஒவ்வொரு இடைவெளியையும் வர்க்கப்படுத்திக் கூட்டி (208), இடைவெளிகளின் கூட்டுத்தொகையின் இரு மடங்கால் (40) வகுத்தால் 5.2 நிமிடம் வரும். அதாவது முதல் விடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அதோடு முடியவில்லை. வழியில் நிற்பவருக்கு நிறைந்த வண்டி வந்தும் பயனில்லை. 2 நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தாலும் பத்தில் ஆறு நிறைந்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் இடைவெளி 5 நிமிடம். ஒரு சாலையில் வண்டி எவ்வளவு அடிக்கடி ஓடுகிறது என்று மட்டும் சொல்லும் ஆய்வறிக்கை, பயணியின் பார்வையில் பாதிப் பொய்.

வண்டிக்குள் ஏறி எடுக்கும் பதிவு

ஒருவர் ஏறினால் ஒரு இருக்கை போகிறது. முழுத் தூரக் கட்டணத்தையும் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள். பல்கலைக்கழக மாணவர் என்று சலுகை கேட்கக் கூடாது. பின் வரிசையில் கதவோரம் உட்கார்ந்தால்தான் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். பயணிகள் எண்ணிக்கையில் உங்களைச் சேர்க்காதீர்கள். ஆனால் "வண்டியில் இடமில்லை" என்று விட்டுப்போன ஆள் உண்டா என்று தனிக் கட்டத்தில் எழுதுங்கள். அந்த இடத்தை எடுத்துக்கொண்டது நீங்களாக இருக்கலாம்.

போனில் ஜி.பி.எஸ். லாகர் செயலியை 2 அல்லது 3 விநாடிக்கு ஒரு புள்ளி என்று வையுங்கள். ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்த சில நிமிடத்தில் பதிவு நின்றுவிடும், வீட்டுக்கு வந்துதான் தெரியும். போன் ஜன்னல் பக்கம் இருக்கட்டும். கோயம்பேட்டிலிருந்து வடபழனி, அசோக் நகர் வழியாகப் போகும் நூறடிச் சாலையில் மெட்ரோ மேம்பாலம் தலைக்கு மேலேயே வருகிறது. அதன் கீழே புள்ளிகள் பக்கத்துத் தெருவுக்குத் தாவும். அவற்றைக் கையால் இழுத்துச் சரிசெய்யாமல், ஓ.எஸ்.ஆர்.எம். அல்லது வல்ஹல்லா போன்ற மென்பொருளில் சாலையோடு பொருத்திக்கொள்வது நல்லது.

ஏறியவர், இறங்கியவர் எண்ணிக்கைக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற கைபேசிப் படிவச் செயலி போதும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஒவ்வொரு டிரிப்பும் முடிந்ததும் ஒரு சோதனை: ஏறியவர் மொத்தமும் இறங்கியவர் மொத்தமும் சமமாக வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த வண்டி ஏறுமுன் அங்கேயே நினைவுபடுத்திச் சரிசெய்யுங்கள், மறுநாள் முடியாது.

ஒரு டிரிப்பை உதாரணத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோமீட்டர் தடம், 7 இருக்கை. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு துண்டு என்று ஐந்து துண்டு. உள்ளே இருந்தவர்கள் முறையே 7, 6, 4, 5, 2. கூட்டினால் 24, இரண்டால் பெருக்கினால் 48 பயணி-கிலோமீட்டர். வண்டி ஓட்டியது 70 இருக்கை-கிலோமீட்டர். நிரம்பிய அளவு 69 சதவீதம். ஸ்டாண்டில் மட்டும் நின்று பார்த்தவருக்கு இது நூறு சதவீதமாகத் தெரிந்திருக்கும். வழியில் ஏறியவர்களையும் சேர்த்து மொத்தம் 11 பேர் என்றால் ஒருவரின் சராசரிப் பயணம் 4.4 கிலோமீட்டர். ஓட்டுநரின் வருமானம் இந்த இருக்கை மறுவிற்பனையில்தான் இருக்கிறது, அதனால்தான் யார் கை காட்டினாலும் நிறுத்துகிறார்.

எத்தனை டிரிப் வேண்டும்? முன்னோட்டத்தில் ஓட்ட நேரத்தின் திட்ட விலக்கம் 8 நிமிடம் என்று வந்தால், சராசரியை 3 நிமிடப் பிழைக்குள் 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல 28 டிரிப் தேவை. இது ஒரு திசைக்கு, ஒரு நேரப் பகுதிக்கு. காலை நெரிசல், மதியம், மாலை நெரிசல் என்று பிரித்தால் ஆறு மடங்கு. இங்கேதான் பல அணிகள் திட்டத்தைச் சுருக்கும். சுருக்குங்கள், ஆனால் மதியத்தைக் குறையுங்கள், மாலையைத் தொடாதீர்கள்.

நாள் தேர்வு: ஆயுத பூஜையும் அதற்கு மறுநாளும், பொங்கல் வாரம், மே மாதப் பள்ளி விடுமுறை வேண்டாம். முகூர்த்த நாளில் சில வண்டிகள் கல்யாணச் சவாரிக்குப் போய்விடும், காலண்டரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேளச்சேரி பக்கம் ஆய்வு வைத்தால் அது வெள்ள ஆய்வாகிவிடும்.

பயணியிடம் கேட்பது

விகிதத்தை 5 சதவீதப் பிழைக்குள் சொல்ல 385 பேர் என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத ஆட்களுக்கு. ஒரே வண்டியில் ஆறு பேரிடம் கேட்டால் அவர்கள் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பெரும்பாலும் ஒரே வேலைக்குப் போகிறவர்கள். அவர்களின் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒற்றுமைக் கெழு 0.1 என்று வைத்தாலே தேவையான எண்ணிக்கை ஒன்றரை மடங்காகி (1 + 5 × 0.1) 578 ஆகிறது. வண்டிக்கு இருவரிடம் மட்டும் கேட்டு, அதிக வண்டிகளில் ஏறுவதே மேல்.

வண்டிக்குள் கேட்கும்போது நெடுந்தூரம் போகிறவர்கள் அதிகம் அகப்படுவார்கள். இரண்டு நிறுத்தத்தில் இறங்குபவர் படிவம் திறக்குமுன் போய்விடுவார். இறங்கும் இடத்தில் நின்று கேட்பது, அல்லது ஏறி இறங்கியவர் பதிவை வைத்து எடை கொடுப்பது, இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

"எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றால் ஏறிய நிறுத்தத்தைச் சொல்வார்கள். "வீட்டிலிருந்து வண்டி ஏறிய இடத்துக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேளுங்கள். பெண் பயணிகளிடம் பேச அணியில் பெண்கள் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு நிற்கும் இடத்தில் வெளிச்சம், உடன் உட்காருபவர் பற்றிய கேள்விக்கெல்லாம் அப்போதுதான் நேரான பதில் வரும்.

போக்குவரத்துத் தேர்வு மாதிரி, அதாவது பயணி எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பார் என்று நேரம், செலவை வைத்துக் கணிக்கும் சமன்பாடு, செய்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பேருந்துக் கட்டணம் என்ற மாறியில் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் பூஜ்யம், டீலக்ஸில் முழுக் கட்டணம் என்று இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கட்டணம் போட்டு மாதிரி ஓட்டினால் பெண்களுக்குப் பணம் பொருட்டே இல்லை என்பது போன்ற அபத்தமான முடிவு வரும். உண்மையான கேள்வி வேறு: இலவசப் பேருந்து இருந்தும் ஒரு பெண் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார் என்றால், எத்தனை நிமிடத்தை அந்தக் காசுக்கு வாங்குகிறார்? கெழுக்கள் நேரத்துக்கு நிமிடத்துக்கு −0.04, செலவுக்கு ரூபாய்க்கு −0.05 என்று வந்தால் (இது எடுத்துக்காட்டுதான்), ஒரு நிமிடத்தின் மதிப்பு 80 பைசா, ஒரு மணி நேரத்துக்கு 48 ரூபாய்.

ஓட்டுநரின் வருமானத்தைப் பொறுத்தவரை நேரடியாகத் தொகை கேட்காதீர்கள். நேற்று எத்தனை டிரிப், வண்டி வாடகை எவ்வளவு, டீசலோ கேஸோ எவ்வளவு, ஸ்டாண்டுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் கணக்கு தானே வரும். மாமூல் என்ற சொல்லைப் படிவத்தில் அச்சடிக்க வேண்டாம். "வழியில் ஆகும் இதர செலவு" என்று விட்டால் சொல்ல விரும்புபவர் சொல்வார்.

நிறுத்தமில்லாத தடத்துக்கு நிறுத்தம் கண்டுபிடிப்பது

ஏறிய, இறங்கிய புள்ளிகளையெல்லாம் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றுங்கள். முதல் வேலை, அட்சரேகை–தீர்க்கரேகையை மீட்டரில் அளக்கும் யு.டி.எம். 44 வடக்கு மண்டலத்துக்கு (ஈ.பி.எஸ்.ஜி. குறியீடு 32644) மாற்றுவது. மாற்றாமல், நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளைக் கொத்தாகச் சேர்க்கும் டிபிஸ்கேன் முறையில் தூரம் 40 என்று கொடுத்தால் கணினி அதை 40 டிகிரி என்று எடுத்துக்கொண்டு சென்னை முழுவதையும் ஒரே நிறுத்தமாக்கிவிடும். 40 மீட்டர் தூரம், குறைந்தது 5 புள்ளி என்று தொடங்கிப் பாருங்கள். சாலையின் இரு பக்கத்தையும் தனியாகப் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் எதிரெதிர் திசைகள் ஒட்டிக்கொள்ளும்.

பெயருக்கு வரைபடத்தைப் பார்க்காதீர்கள். ஓட்டுநர் கூவும் பெயரே பெயர். அசோக் நகரில் உதயம் தியேட்டர் மூடப்பட்ட பிறகும் அந்த இடம் உதயம்தான்.

கோப்பு

ஜி.டி.எஃப்.எஸ். என்பது காற்புள்ளியால் பிரித்த சில உரைக் கோப்புகளின் தொகுப்பு, அவ்வளவுதான். நிறுத்தம், தடம், டிரிப், நாட்காட்டி, பாதை வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. கால அட்டவணை இல்லாத சேவைக்காகவே ஃப்ரீக்வென்சீஸ் என்றொரு கோப்பு உண்டு: எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, எத்தனை விநாடிக்கு ஒரு வண்டி. அதில் எக்ஸாக்ட் டைம்ஸ் என்ற புலத்தில் 0 போடுங்கள். 1 போட்டால் அது கடிகாரத்துக்கு ஓடும் வண்டியாகிவிடும். இடைவெளிப் புலத்தில் நிமிடத்தை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும். 6 என்று எழுதினால் ஆறு விநாடிக்கு ஒரு ஷேர் ஆட்டோ.

கை காட்டினால் நிற்பதையும் சொல்ல வழி இருக்கிறது. ரூட்ஸ் கோப்பில் கன்டினியூவஸ் பிக்கப், கன்டினியூவஸ் டிராப் ஆஃப் என்ற இரு புலங்களிலும் 0 கொடுத்தால் வழி நெடுக ஏறலாம், இறங்கலாம் என்று பொருள். 3 என்றால் ஓட்டுநரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். காலியாக விட்டால் "கிடையாது" என்றே எடுத்துக்கொள்ளப்படும். மேம்பாலம் வரும் துண்டுக்கு மட்டும் ஸ்டாப் டைம்ஸ் கோப்பில் 1 (கிடையாது) என்று மாற்றிவிடுங்கள். நள்ளிரவு தாண்டி ஓடும் டிரிப்புக்கு 00:40 என்று எழுதாமல் 24:40:00 என்று எழுத வேண்டும். ஆள் இல்லை என்று பாதியில் திருப்பிவிடும் வண்டிகளுக்குத் தனி டிரிப் வகை. தமிழ்ப் பெயர்களுக்கு டிரான்ஸ்லேஷன்ஸ் கோப்பு.

மொபிலிட்டி டேட்டா அமைப்பின் சரிபார்ப்பானில் போட்டால் இலக்கணப் பிழைகள் வந்துவிடும். ஆனால் பெயர் மாறியது, திரும்பும் இடம் தவறியது போன்றவற்றை அது காட்டாது. அதற்குத் தடத்தின் வரைபடத்தை ஏ3 தாளில் தமிழில் அச்சடித்து இரு முனை ஸ்டாண்டுகளிலும் ஒரு வாரம் ஒட்டிவையுங்கள், பக்கத்தில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிடுங்கள். ஓட்டுநர்கள் அடித்துத் திருத்திய பிறகு வரும் வடிவத்தைத்தான் வெளியிட வேண்டும்; வண்டி வாரியான நேரப் பதிவை அதோடு சேர்க்கக் கூடாது, மணி வாரியான சராசரி மட்டும்.